வாரத்துக்கு ஒரே நாள்: அப்பாவின் சொரியாசிஸும் மெத்தோட்ரெக்சேட்டும்

கோத்தகிரிக்கும் கட்டபெட்டுக்கும் இடையில் உள்ள ஒரு ஊரிலிருந்து ஒரு மகள் கேட்ட கேள்வி இது. அப்பாவுக்கு 61 வயது, ஒன்றரை ஏக்கர் தேயிலை. 18 வருடமாக சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலை என்று அங்கங்கே இருந்தது. அதிகமாகும்போதெல்லாம் மருந்துக்கடையில் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வார், நாலு நாளில் அடங்கிவிடும். தீபாவளிக்குப் பிறகு யாரோ சொன்னார்கள் என்று அதை ஒரேயடியாக நிறுத்தியிருக்கிறார். மூன்றே வாரத்தில் முதுகு, வயிறு, தொடை என்று பரவிவிட்டது. காலையில் படுக்கையை உதறினால் தவிடு கொட்டியதுபோல் செதில். தோல் டாக்டர் மெத்தோட்ரெக்சேட் எழுதிக் கொடுத்திருக்கிறார். இணையத்தில் தேடினால் புற்றுநோய் மருந்து என்று வருகிறது. பிபிக்கும் ஏதோ மாத்திரை சாப்பிடுகிறார். இதைக் கொடுக்கலாமா, இல்லை கடன் வாங்கியாவது புது ஊசியைப் போட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

கொடுக்கலாம். நீலகிரியில் 20 வருடத்துக்கு மேலாகத் தோல் நோய் பார்க்கிறேன். உங்கள் அப்பாவின் நிலையில் வருகிறவர்களுக்கு நானும் பெரும்பாலும் முதலில் இந்த மருந்தைத்தான் எழுதுகிறேன். இதில் பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது நீங்கள் பயப்படுகிற இடம் இல்லை. அதற்கு முன்னால் அந்த வெள்ளை மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுவோம். இப்போதைக்கு அவசரம் அதில்தான் இருக்கிறது.

பழைய அட்டை வீட்டில் எங்கேயாவது கிடக்கும், தேடி எடுத்துப் பின்பக்கம் படித்துப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன், இந்த மூன்றில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பெட்னிசால் என்றால் மலையில் எல்லோருக்கும் தெரிகிறது, ஸ்டீராய்டு என்றால் பலருக்குத் தெரிவதில்லை. சொரியாசிஸ் என்பது நம்முடைய எதிர்ப்பு சக்தியே தவறாக விழித்துக்கொண்டு தோலைத் துரத்துகிற நோய். சாதாரணமாகத் தோலின் மேல்பகுதி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். இந்த நோயில் நாலைந்து நாளிலேயே புதுச் செல்கள் மேலே வந்து குவிகின்றன. அந்தக் குவியல்தான் வெள்ளிச் செதில். ஸ்டீராய்டு மாத்திரை அந்தத் துரத்தலை ஒரேயடியாக அமுக்கிவிடும், அதனால்தான் நாலு நாளில் மாயம்போல் அடங்குகிறது. நிறுத்தியதும் அமுக்கி வைத்ததெல்லாம் முன்பைவிட வேகமாகத் திரும்பி வரும். அப்பாவுக்கு நடந்திருப்பது அநேகமாக அதுதான். யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்தியதில் அவர் நோக்கம் நல்லது, நிறுத்திய விதம்தான் ஆபத்தானது.

இன்னொன்று. சில வாரங்களுக்கு மேல் விடாமல் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு, உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு குறைந்துபோயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் கடும் சோர்வு, வாந்தி, தலைச்சுற்றல், பிபி இறங்குதல் எல்லாம் வரலாம். எனவே தோல் டாக்டரிடம் இந்த மாத்திரையை எத்தனை வருடமாக, மாதத்தில் எத்தனை நாள் சாப்பிட்டார் என்று மறைக்காமல் சொல்லுங்கள். பல வீடுகளில் திட்டு விழும் என்று பயந்து இதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எடை போட்டுப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்த பொடி, பெயர் இல்லாத உருண்டை என்று ஏதாவது சாப்பிட்டிருந்தாலும் சொல்லுங்கள். அவற்றிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது நீங்கள் தினமும் கண்ணால் பார்க்க வேண்டியது: செதில்களுக்கு நடுவில் நல்ல தோல் இன்னும் இருக்கிறதா, இல்லை உடம்பு முழுவதும் ஒரே சிவப்பாகிவிட்டதா? உடம்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் சிவந்துவிட்டால் அதற்கு எரித்ரோடெர்மா என்று பெயர். தோலுக்கு அடியில் இரத்தக் குழாய்களெல்லாம் விரிந்து கிடப்பதால், தொட்டால் நெருப்பாகக் கொதிக்கும், அவருக்கோ குளிர் நடுங்கும். உடம்புச் சூடு தோல் வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கும். சமவெளியிலேயே இது ஆபத்து. உறைபனி விழுகிற மார்கழி, தை இரவுகளில் 1,800 மீட்டர் உயரத்தில் கேட்கவே வேண்டாம். நீரும் புரதமும் வெளியேறும், கால் வீங்கும், இதயத்துக்குச் சுமை ஏறும். அந்த நிலை வந்தாலோ, சிவந்த தோலில் சின்னச் சின்ன சீழ்ப் புள்ளிகள் கிளம்பிக் காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். இதைத் தோல் நோய்தானே என்று நினைத்து முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அந்த அளவுக்குப் போகவில்லை என்றே உங்கள் விவரத்திலிருந்து தெரிகிறது. எவ்வளவு தோல் பாதித்திருக்கிறது என்று கணக்குப் போட ஒரு சுலபமான வழி சொல்கிறேன். அப்பாவின் விரல்களோடு சேர்ந்த ஒரு உள்ளங்கை, அவர் உடம்புத் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். பத்து உள்ளங்கைக்கு மேல் இருந்தால் தடவுகிற களிம்பு மட்டும் போதாது, உள்ளே போகிற மருந்து வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தாலும் முகம், உள்ளங்கை, பாதம், அந்தரங்க இடம் பாதித்தால் கடுமையானதாகத்தான் எடுத்துக்கொள்வோம். உள்ளங்கை வெடித்த ஒருவரால் கொழுந்து பறிக்க முடியாது. அவருக்கு 2 சதவீதம்தான் என்று சொல்லி என்ன பயன்?

சரி, மெத்தோட்ரெக்சேட்டுக்கு வருவோம். புற்றுநோய் மருந்து என்று இணையம் சொல்வது உண்மைதான். இதன் கதையில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார், எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போய் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும், அந்த ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிற மருந்துகளை உருவாக்கியதும் அவருடைய குழுதான். 1948-ல் அந்த மருந்துகளில் ஒன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாக அடக்கியது. 1951-ல் அதே மருந்தை மூட்டு வாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தபோது, நோயாளிகளுக்கு இருந்த சொரியாசிஸும் சேர்ந்து மறைந்ததைக் கவனித்தார்கள். அதற்குத் தம்பி முறைதான் மெத்தோட்ரெக்சேட்.

வித்தியாசம் அளவில் இருக்கிறது. சில புற்றுநோய்களுக்கு இதே மருந்தை ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான மில்லிகிராம் ஏற்றுவார்கள். சொரியாசிஸுக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மி.கி. வரைதான். இந்தச் சின்ன அளவில் அது தவறாக விழித்துக்கொண்ட எதிர்ப்புச் செல்களைத் தணிக்கிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது, ஆளே உருக்குலைந்து போவது என்று கீமோதெரபியைப் பற்றி நாம் மனதில் வைத்திருக்கிற படம் இதற்குப் பொருந்தாது.

பயப்பட வேண்டிய இடம் "வாரத்துக்கு" என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. இந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும். நம் வீடுகளில் வாரத்துக்கு ஒரு முறை சாப்பிடுகிற மாத்திரைகள் அபூர்வம். பிபி மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் தினம். கை பழக்கத்தில் இதையும் தினமும் எடுத்துப் போட்டுவிடும். அப்படித் தினமும் ஒரு வாரம் போட்டாலே உயிருக்கு ஆபத்து.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மழைக்கால மதியம். எஸ்டேட் லைனிலிருந்து ஒருவரை அவர் மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். ஐம்பது வயது இருக்கும். வாயைத் திறக்கச் சொன்னேன், முழுதாகத் திறக்க முடியவில்லை. உதட்டின் உள்பக்கம், நாக்கின் ஓரம் எல்லாம் வெந்ததுபோல் வெள்ளையும் சிவப்புமாகப் புண். மூன்று நாளாகக் கட்டஞ்சாயாவைக்கூட ஆறவைத்துத்தான் விழுங்குகிறார் என்றார் அந்த அம்மா. முதுகில் பழைய சொரியாசிஸ் படைகள் ஒவ்வொன்றும் நடுவில் உரிந்து, பச்சைப் புண்ணாக இருந்தன. மருந்துக் கவரை வாங்கிப் பார்த்தேன். என் சீட்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றுதான் எழுதியிருந்தேன். சீட்டு மடித்தபடி கவருக்குள் இருந்தது. கவரின் மேல் மருந்துக்கடையில் நீல மையில் 1-0-0 என்று எழுதியிருந்தார்கள். காலையில் ஒன்று, தினமும். 9 நாள் சாப்பிட்டிருந்தார். அந்த அம்மாவுக்கு எழுத்து படிக்க வராது, ஆனால் 1-0-0 மட்டும் நன்றாகத் தெரியும், பிபி மாத்திரைக் கவரில் எப்போதும் இருப்பது அதுதான். சொன்னபடி தவறாமல் கொடுத்திருக்கிறார். வெள்ளணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. ஃபோலினிக் அமிலம் என்கிற மாற்று மருந்தை ஊசியாகக் கொடுத்து, இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் மீட்டோம். அன்றிலிருந்து இந்த மருந்தை எழுதினால் நோயாளியின் கையில் அட்டையைக் கொடுத்து, என்றைக்குச் சாப்பிடுவீர்கள் என்று அவர் வாயால் சொல்ல வைத்த பிறகுதான் அனுப்புகிறேன்.

ஆகவே உங்கள் வீட்டில் இப்படிச் செய்யுங்கள். கிழமையை இப்போதே முடிவு செய்யுங்கள். கொழுந்து எடுக்காத ஞாயிறாக இருந்தால் நல்லது. மறுநாள் கொஞ்சம் குமட்டல் இருக்கலாம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். அட்டையைப் பிபி மாத்திரை இருக்கிற டப்பாவில் வைக்கவே வேண்டாம். தனி டப்பாவில் போட்டு, ஞாயிறு என்று பெரிதாக எழுதி ஒட்டி, அதைப் பொறுப்பாக ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டதும் நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுழியுங்கள். ஞாயிறு மறந்துவிட்டால் செவ்வாய்க்குள் கொடுக்கலாம். அதையும் தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த ஞாயிறுதான். விட்டதற்கும் சேர்த்து இரண்டு மடங்கு ஒருபோதும் கூடாது.

அட்டை வாங்கும்போது ஒவ்வொரு முறையும் மில்லிகிராமைப் பாருங்கள். 2.5, 5, 7.5, 10 என்று பல அளவில் வருகிறது. டாக்டர் 2.5 மி.கி. மாத்திரை மூன்று என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 7.5. போன மாதம் வாங்கியது தீர்ந்து, இந்த மாதம் கடையில் 7.5 அட்டையைக் கொடுத்தார்கள், அப்பா வழக்கம்போல் மூன்று போட்டார் என்றால் 22.5 ஆகிவிடும். இந்தப் பிழை நடக்கிறது, அதுவும் படித்தவர்கள் வீட்டிலேயே.

கூடவே ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்திருப்பார்கள். மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிற நாளை விட்டுவிட்டு மற்ற நாளில், டாக்டர் சொன்ன கணக்கில் சாப்பிட வேண்டும். குமட்டலையும் வாய்ப்புண்ணையும் இது குறைக்கும். இதுவும் சின்ன மஞ்சள் மாத்திரை, அதுவும் சின்ன மஞ்சள் மாத்திரை என்று சில கம்பெனி மாத்திரைகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். எனவே அட்டையை விட்டுப் பிரித்து வெறும் மாத்திரையாகப் போட்டு வைக்காதீர்கள்.

வாயில் புண், காய்ச்சல், காரணமில்லாமல் கன்றிப்போன நீலத் தடம், கண் மஞ்சளாவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த டோஸைக் கொடுக்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். புதிதாக வறட்டு இருமலும் மேட்டில் ஏறும்போது மூச்சிரைப்பும் வந்தாலும் அப்படியே. அரிதாக இந்த மருந்து நுரையீரலைப் பாதிக்கும். மலையில் இருமலைப் பனிமேல் பழி போட்டு விட்டுவிடுவது நம் வழக்கம். இந்த மருந்து சாப்பிடுகிறவருக்கு அந்த வழக்கம் வேண்டாம். வயிற்றுப்போக்கு கடுமையாகி நீர் வற்றிய வாரத்திலும் டோஸை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது, அது தடைப்பட்டால் உடம்பில் தேங்கும்.

காய்ச்சல், சளி, சிறுநீர்க் கடுப்பு என்று வேறு டாக்டரிடம் போனாலும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். செப்ட்ரான், பாக்ட்ரிம் என்ற பெயர்களில் வருகிற கோ-டிரைமாக்சசோல் இதோடு சேரவே கூடாது. இரண்டும் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கிறவை, சேர்ந்தால் எலும்பு மஜ்ஜை தாங்காது. கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம்.

தொடங்குவதற்கு முன் பரிசோதனைகள் உண்டு: இரத்த அணுக்களின் எண்ணிக்கை, கல்லீரல், சிறுநீரகம், ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி, மார்பு எக்ஸ்ரே. எதற்கு இத்தனை என்று தோன்றும். தூங்குகிற காசநோயோ மஞ்சள்காமாலைக் கிருமியோ இருந்தால், எதிர்ப்பு சக்தியைத் தணிக்கும்போது அது விழித்துக்கொள்ளும். முதலில் சின்ன அளவில் கொடுத்து, ஒரு வாரத்திலோ இரண்டு வாரத்திலோ இரத்தம் பார்த்து, பிறகு அளவை ஏற்றுவார்கள். நிலைக்கு வந்த பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். 61 வயது என்பதால் சிறுநீரகக் கணக்கை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். இந்தப் பரிசோதனைகள் அரசு ஆஸ்பத்திரியிலேயே எடுக்கக்கூடியவை, ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது.

குடிப்பழக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. மகள் எழுதத் தயங்குவது புரிகிறது. இருந்தால் டாக்டரிடம் தனியாகவாவது சொல்லுங்கள். குளிருக்குக் கொஞ்சம் என்று தினம் குடிக்கிறவருக்கு நான் இந்த மருந்தைத் தொடங்குவதில்லை. மதுவும் இதுவும் ஒரே கல்லீரலைத் தாக்கும். பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு, மொத்தமாக உள்ளே போன மருந்து மூன்றரை கிராமைத் தாண்டும்போது கல்லீரலை ஸ்கேன் வைத்துக் கூடுதலாகப் பார்ப்போம். வாரம் 15 மி.கி. என்றால் அந்த இடத்துக்கு வர நாலரை வருடம் ஆகும். சர்க்கரை, உடல் பருமன், மது இருந்தால் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அவர்கள் இந்த மாத்திரையைக் கையாள வேண்டாம். இதைச் சாப்பிடுகிற பெண்கள் கருத்தரிக்கவே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுகிற ஆண்களும் முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் நாலு நாளில் எதுவும் நடக்காது. இதை அப்பாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 4 வாரத்தில் செதில் குறைவது தெரியும். 8 முதல் 12 வாரத்தில்தான் படைகள் தட்டையாகும். வெள்ளை மாத்திரைக்குப் பழகியவர்கள் மூன்றாவது வாரத்தில், இது கேட்கவில்லை என்று முடிவு செய்து பழைய கடைக்கே திரும்பிவிடுகிறார்கள். அந்த மூன்றாவது வாரத்தில்தான் நீங்கள் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வழிகளும் இருக்கின்றன. சைக்ளோஸ்போரின் வேகமாக வேலை செய்யும், எரித்ரோடெர்மா போன்ற நெருக்கடிக்கு உதவும். ஆனால் பிபியை ஏற்றும், சிறுநீரகத்தைச் சுரண்டும், அதனால் நீண்ட காலம் கொடுப்பதில்லை. அப்பாவுக்கு ஏற்கெனவே பிபி. (இந்த மருந்தும் மலை மண்ணிலிருந்து வந்ததுதான். நார்வேயில் ஒரு மேட்டுநிலத்து மண்ணில் இருந்த பூஞ்சையில் கிடைத்தது.) அசிட்ரெடின் உள்ளங்கை, பாதம், சீழ்ப்புள்ளி வகைக்கு நல்லது. உதடு வெடிக்கும், கொழுப்பு ஏறும், குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு ஆகாது. அப்ரிமிலாஸ்ட் மற்றவற்றைவிட மென்மையானது. தொடக்கத்தில் வயிற்றுப்போக்கும் தலைவலியும் வரும், சிலருக்கு மனச்சோர்வு, எடைக் குறைவு.

ஒளி சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது, குறுகிய அலைவரிசைப் புற ஊதாக் கதிர், 311 நானோமீட்டர். உள்ளுறுப்பு எதையும் தொடாத நல்ல சிகிச்சை. ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் போய் நிற்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து கோயம்புத்தூர் 65 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி, பஸ் செலவு, வளைவுகளில் வாந்தி. கையேட்டில் ஒளி சிகிச்சை எவ்வளவு மேலே இருந்தாலும், மலையில் இருப்பவருக்கு வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரைதான் கைக்கு எட்டும் சிகிச்சை என்பது என் அனுபவம். வெயில் நாளில் காலையில் கொஞ்ச நேரம் முதுகைக் காட்டி உட்காருவது நல்லதுதான், தோல் கன்றும் அளவுக்கு வேண்டாம். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும், குளிர்ச்சியில் அது சுடுவதே தெரியாது.

புது ஊசிகளைப் பற்றிக் கேட்டீர்கள். பயோலாஜிக் என்று சொல்வார்கள். சொரியாசிஸில் நெருப்பை மூட்டுகிற குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பிடித்து நிறுத்துபவை. அடாலிமுமாப் டிஎன்எஃப் என்ற புரதத்தையும், செகுகினுமாப் இன்டர்லூக்கின்-17-ஐயும், குசெல்குமாப் இன்டர்லூக்கின்-23-ஐயும் தடுக்கின்றன. பெங்களூரு பயோகான் நிறுவனம் கியூபாவோடு சேர்ந்து உருவாக்கிய இட்டோலிசுமாப் 2013-ல் இங்கே அனுமதி பெற்றது. நன்றாக வேலை செய்கிற மருந்துகள் இவை, மறுக்கவே மாட்டேன். பத்து வருடம் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத ஒருவர் செகுகினுமாப் போட்டு மூன்றாவது மாதம் அரைக்கைச் சட்டையில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அடியோடு போகுமா என்று கேட்டால், போகாது. ஊசி நின்றால் பெரும்பாலானவர்களுக்கு மெல்லத் திரும்பும். செகுகினுமாப் என்றால் முதல் மாதம் வாரந்தோறும், பிறகு மாதம் ஒன்று என்று ஆண்டுக்கணக்கில் ஓடுகிற செலவு அது. கடன் வாங்கி மூன்று மாதம் போட்டுவிட்டு நிறுத்துவதால் கடன்தான் மிஞ்சும். மெத்தோட்ரெக்சேட்டைச் சரியான அளவில் மூன்று நாலு மாதம் கொடுத்துப் பார்த்து, கேட்கவில்லை அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊசியைப் பேசலாம். அப்போதும் முதலில் காசநோய்ப் பரிசோதனை. தூங்குகிற கிருமி இருந்தால் அதற்கான தடுப்பு மருந்தைத் தொடங்கி, ஒரு மாதமாவது கழித்துத்தான் ஊசி.

சித்த மருந்தைப் பற்றியும் வீட்டில் பேச்சு வந்திருக்கும். இந்த நோய்க்குக் காளாஞ்சகப்படை என்று பெயர் வைத்து, வெட்பாலைத் தைலம் தடவச் சொல்வார்கள். மேலே தடவுகிற எண்ணெயோடு எனக்குச் சண்டை இல்லை, தோலுக்கு எண்ணெய்ப் பசை கிடைப்பதே பாதி மருந்து. கார்போகரிசி என்ற சித்த மருந்து விதையில் உள்ள சோராலென் வகைப் பொருளை எங்கள் ஒளி சிகிச்சையிலும் பயன்படுத்தியிருக்கிறோம். ஆனால் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிற காலத்தில் உள்ளுக்கு இன்னொரு மருந்து, அதிலும் பற்பம், செந்தூரம் வேண்டாம். கல்லீரல் கெட்டால் எதனால் கெட்டது என்றே தெரியாமல் போய்விடும்.

எண்ணெய் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊரில் தேங்காய் எண்ணெய் டிசம்பரில் கல்லாக உறைந்து கிடக்கும், 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டியாகிவிடும். கரண்டியால் சுரண்டி எடுத்துத் தேய்த்தால் படையின் மேல் உரசும். சொரியாசிஸ் தோலில் உரசலும் கீறலும் பட்ட இடத்திலேயே புதுப் படை முளைக்கும். கவாத்து வெட்டும் காலத்தில் முன்னங்கை முழுக்கக் குச்சி கீறிய கோட்டிலேயே படை வரிசையாக வந்ததை நீங்களே பார்த்திருக்கலாம். பாட்டிலை வெந்நீரில் வைத்து உருக்கி, குளித்துத் துடைத்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். கொதிக்கக் கொதிக்க பாய்லர் வெந்நீர் ஊற்றிக்கொள்வது சுகமாக இருக்கும், ஆனால் தோலை உலர்த்திவிடும், அரிப்பு கூடும். வெதுவெதுப்பாகப் போதும். அடுப்போரம் கணப்பில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவதும் அப்படித்தான். கவாத்துக்குப் போனால் முழுக்கைச் சட்டை, கையுறை. பத்தியம் என்று முட்டை, கறி, மீனை நிறுத்தாதீர்கள். செதிலாகப் போகிற புரதத்தை வேறு எதை வைத்து ஈடுகட்டுவது?

காலையில் எழுந்ததும் கை விரல் மடக்க முடியாமல் அரைமணி, ஒரு மணி நேரம் இறுக்கம் இருக்கிறதா, நகத்தில் ஊசியால் குத்தியதுபோல் குழிகள் இருக்கின்றனவா, ஏதாவது ஒரு விரல் முழுவதுமே வீங்கியிருக்கிறதா என்றும் அப்பாவிடம் கேளுங்கள். சொரியாசிஸ் மூட்டையும் பிடிக்கும். இங்கே அதைக் குளிர் வாதம் என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவதால் விரல் கோணிய பிறகு வருகிறார்கள். இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்துத் தேர்வே மாறலாம்.

கடைசியாக அந்தப் பிபி மாத்திரை. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து கொடுத்ததோ, கடையில் வாங்கியதோ, அதன் அட்டையை எடுத்துப் பெயரைப் படியுங்கள். அட்டெனலால், மெட்டோபுரோலால், புரோபிரனலால் என்று "லால்" என்று முடிகிற பெயராக இருந்தால், அந்த வகை மாத்திரை சிலருக்குச் சொரியாசிஸைக் கூட்டும். பிபிக்கு வேறு மாத்திரைகள் இருக்கின்றன, டாக்டர் மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டீராய்டைப் போலவே அதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, இதயம் தாங்காது. அந்த அட்டை, பழைய வெள்ளை மாத்திரை அட்டை, இரத்தப் பரிசோதனைத் தாள், மூன்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு, முதல் ஞாயிறு வருவதற்கு முன்னால் ஒரு முறை தோல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.